பிபிம்பாப் சரியாக வரவில்லையா? குறையை அறிகுறியிலிருந்து பிடிக்கும் வழி

பிபிம்பாப் என்பது சோற்றின் மேல் காய்களை வைத்து, கார விழுதோடு கலந்து உண்ணும் கொரிய உணவு. அதைச் செய்வது எப்படி என்று சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. செய்து பார்த்து, அது கெட்டுப்போன பிறகு என்ன செய்வது என்று சொல்பவை குறைவு. தென்கொரியாவின் சுவோன் நகரில் வேலை பார்த்த ஆண்டுகளில் என் அறையிலும் நண்பர்களின் அறைகளிலும் இந்தக் கலந்த சோற்றை எத்தனையோ முறை செய்து, கெடுத்து, திருத்தியிருக்கிறேன். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டியை ஹல்மோனி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கிண்ணத்தைப் பார்த்த மாத்திரத்தில் குறையைச் சொல்லிவிடுவார். அவரிடம் கற்றதையும் என் கை கண்டதையும் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கிண்ணத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள்; புதிதாக எதையும் வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த கெட்ட கிண்ணங்களில் பெரும்பாலானவை தண்ணீரால் கெட்டவை. எது குறை என்று புலப்படாவிட்டால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

கலந்ததும் அடியில் சிவப்பு நீர் தேங்குகிறது

முதல் சோதனை: கலப்பதற்கு முன் ஒவ்வொரு காயிலும் ஒரு சிட்டிகை எடுத்து உலர்ந்த துணியில் வைத்து விரலால் அழுத்துங்கள். துணியில் ஈரம் வட்டமாகப் பரவினால் குற்றவாளி அந்தக் காய்தான். ஒரு நிமிட வேலை. ஆனாலும் இதைச் செய்யாமல் கொச்சுஜாங்கை (கொரிய மிளகாய் விழுதை) குறை சொல்பவர்கள் அதிகம்.

பசலைக்கீரை என்றால் பிழிவது போதவில்லை. கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, பிறகு பிழிய வேண்டும். நாம் கீரையைச் சல்லடையில் வடியவிட்டு அது போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஹல்மோனி பிழிந்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கீரையை இரண்டு கைக்குள்ளும் அடக்கி, ஒரு கையின் அடிப்பகுதியால் மற்றதை அழுத்துவார். பச்சை நீர் மணிக்கட்டு வரை வழியும். கையைத் திருப்பி, உருண்டையை மாற்றிப் பிடித்து மறுபடியும் அழுத்துவார். மூன்றாவது முறை சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அப்போதுதான் பலகையில் போடுவார்; ஈரத் துணி விழுவது போலன்றிக் களிமண் உருண்டை போல அது விழும். ஒரு கட்டுக் கீரை கடைசியில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் இன்னும் நீர் இருக்கிறது. நசுங்கிக் குழையும்படி முறுக்கிப் பிழிந்தாலும் சுவை போய்விடும், அழுத்துங்கள், முறுக்காதீர்கள்.

வெள்ளரியும் கொரியச் சுரைப்பிஞ்சும் (அங்கே ஏஹோபாக் என்பார்கள்) உப்புப் பட்டதும் நீர் விடும் காய்கள். அந்த நீரை அவை கிண்ணத்தில் விடாதபடி முன்பே விடவைத்துவிட வேண்டும். நறுக்கியதும் கால் தேக்கரண்டி உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். தேங்கிய நீரைக் கொட்டிப் பிழிந்த பிறகே வெள்ளரியைத் தாளியுங்கள், சுரைப்பிஞ்சை வதக்குங்கள். பத்து நிமிடம் பொறுக்காமல் நேரடியாக வதக்கினால் அது வாணலியில் வேகுமே தவிர வதங்காது.

காளானில் குறை என்றால் காரணம் பெரும்பாலும் வாணலிதான். நிறையப் போட்டுச் சிறு தீயில் வைத்திருப்பீர்கள். பாதிப் பாதியாகப் பிரித்து, பெருந்தீயில், விட்ட நீர் முழுதும் வற்றும் வரை வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள்.

முளைகட்டிய பயறு வகைகளை வடித்த சூட்டோடு மூடி வைத்தால் ஆவி நீராகித் திரும்ப அதிலேயே இறங்கும். தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்.

இத்தனையும் சரி, அப்படியும் நீர் தேங்குகிறது என்றால் சாஸைப் பாருங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று கொச்சுஜாங்கில் தாராளமாகத் தண்ணீர் விட்டிருக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி கொச்சுஜாங்குக்கு ஒரு மேசைக்கரண்டி நீருக்கு மேல் வேண்டியதில்லை.

ஏற்கெனவே கலந்துவிட்டீர்களா? கிண்ணத்தைச் சாய்த்துத் தேங்கிய நீரை வடித்துவிட்டு, மீதியை எண்ணெய் தடவிய இரும்பு வாணலியில் பரப்பிப் பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கிளறாதீர்கள். அடியில் லேசாகப் பிடிக்கும்போது புரட்டிப் போட்டால் அது வறுத்த சோறாகிவிடும். கொரியர்களே மீந்த பொருள்களை இப்படி வறுத்துச் சாப்பிடுவதுண்டு; வீணாயிற்று என்று வருந்த ஒன்றுமில்லை.

சோறு குழைந்து களி போலாகிறது

முதலில் கேட்க வேண்டியது: எதனால் கலந்தீர்கள்? கரண்டியால் அழுத்திப் பிசைந்தால் எவ்வளவு நன்றாக வெந்த சோறும் கூழாகிவிடும். சாப்பாட்டுக் குச்சிகளால் (சாப்ஸ்டிக்) கலக்கச் சொல்வது சும்மா சொல்வதன்று. இரண்டு குச்சிகளை அகட்டிப் பிடித்து அடியிலிருந்து மேலாகத் தூக்கித் தூக்கிப் போட்டால் பருக்கை உடையாது. சாஸும் உள்ளே இறங்கும். குச்சி பழகாதவர்கள் இரண்டு முள்கரண்டிகளைக் கொண்டு அதையே செய்யலாம். சாப்பிட மட்டும் கரண்டியை எடுங்கள்.

அடுத்தது கிண்ணம். விளிம்பு வரை நிரம்பிய சிறு கிண்ணத்தில் கலக்க இடமில்லை; இடமில்லாதபோது கை தானாகவே அழுத்தத் தொடங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாத அகன்ற கிண்ணம் போதும்.

பிறகு நீரின் அளவு. கொரியக் குட்டை அரிசியை அரை மணி ஊறவைத்து நன்றாக வடித்த பின் ஒரு குவளைக்கு ஒரு குவளை நீரே போதும். ஊறவைக்காவிட்டால் ஒன்றேகால் குவளைக்குச் சற்றுக் குறைவாக விடுங்கள். குக்கரோடு வரும் குவளை 180 மில்லிதான் பிடிக்கும். அரிசியை அதில் அளந்துவிட்டு நீரை வீட்டு டம்ளரில் அளப்பது நான் பலமுறை கண்ட தவறு. இலையுதிர்காலத்தில் வரும் புதிய அரிசிக்கு நீர் இன்னும் குறைய வேண்டும். தனிச் சோற்றைவிடக் கலந்த சோற்றுக்கு ஒரு பிடி விறைப்பு தேவை; இந்த விறைத்த சோற்றைக் கொரியாவில் கொடுபாப் என்பார்கள். வெந்ததும் பத்து நிமிடம் மூடியே வைத்து, பிறகு மரக்கரண்டியால் கிளறி ஆவியை வெளியேற்றுங்கள்.

சோறு உதிர்ந்து, காய் ஒரு பக்கம் சோறு ஒரு பக்கமாக நிற்கிறது

எந்த அரிசி என்று பாருங்கள். பொன்னிப் புழுங்கலோ பாசுமதியோ என்றால் சமைத்த விதத்தில் தவறில்லை, அரிசியிலேயே ஒட்டும் குணம் இல்லை. கொரிய அரிசி கிடைக்காத ஊரில், ஜப்பானிய சூஷி அரிசி என்று விற்கும் குட்டை அரிசி நன்றாகப் பொருந்தும். அதுவும் இல்லையென்றால் பச்சரிசியைச் சற்று அதிக நீரில் வேகவையுங்கள், ஒப்பேறும்.

அரிசி சரி, ஆனால் காய் தனித்து நிற்கிறதென்றால் நறுக்கின அளவைப் பாருங்கள். கேரட்டும் வெள்ளரியும் தீக்குச்சித் தடிமன் இருந்தால் போதும், விரல்நீளம் இருக்கட்டும். கட்டை கட்டையாக நறுக்கிய காயைச் சோறு பிடித்துக்கொள்ளாது. கிண்ணம் வறண்டு கலக்க வரவில்லையென்றால் வெறும் நீர் விடாதீர்கள். சோயா முளை வேகவைத்த நீரில் ஒரு கரண்டி விடுங்கள். ஜியோன்ஜு நகரில் பிபிம்பாப்புடன் முளைக் குழம்பு ஒன்று வைப்பார்கள். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து விட்டுக் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீர் சரியாக அளந்தும் குக்கர் ஒவ்வொரு முறையும் சோற்றைக் கெடுக்கிறது

ஒரே அரிசி, ஒரே அளவு, மூன்று முறை சமைத்துப் பாருங்கள். மூன்றும் வெவ்வேறாக வந்தால் குறை குக்கரில் இருக்கிறது.

மூடியைச் சுற்றி ஆவி கசிகிறதா? ரப்பர் பாக்கிங் தளர்ந்திருக்கும். செலவு குறைந்த மாற்றம் இதுதான், நீங்களே மாற்றலாம். கசிவில்லை, ஆனால் ஒரு பக்கம் தீய்ந்து மறுபக்கம் வேகவில்லையென்றால் உள்பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். நெளிந்திருந்தால் சூட்டுத் தட்டோடு பொருந்தாது. பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும். பாத்திரத்தை வாங்குமுன் அந்தப் பருக்கையைத் தேடுங்கள். இரண்டும் சரியென்றால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பாகம் போயிருக்கலாம். அதை நீங்கள் திறக்க வேண்டாம். சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள். மின்கம்பி சூடாவது, பிளக் கருகிய வாடை அடிப்பது போன்றவை தென்பட்டால் மூன்று முறை சோதிக்கக்கூட நிற்காதீர்கள். உடனே இணைப்பைப் பிடுங்குங்கள்.

எதைத் தின்றாலும் கொச்சுஜாங் மட்டுமே தெரிகிறது

அளவு கூடிவிட்டது. ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கிக் கலந்து பார்த்த பிறகு அரை அரையாகச் சேருங்கள். காரம்தான் தொல்லை என்றால் டப்பாவைப் பாருங்கள். கொரியக் கொச்சுஜாங்குக்கு ஐந்து காரநிலைகள் உண்டு. பெரும்பாலான டப்பாக்களில் நிலை குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நிலை கீழே வாங்கினால் போதும்.

புளிப்பு தூக்கலாக இருக்கிறதா? நீங்கள் வாங்கியது சோ கொச்சுஜாங்காக இருக்கும். பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்ள வினிகர் சேர்த்தது அது. பெரும்பாலும் பிதுக்கும் பாட்டிலில் வரும், சிவப்பு நிறம் ஏமாற்றிவிடும். பழுப்பும் உப்பும் தூக்கலாக இருந்தால் அது சம்ஜாங், இறைச்சியை இலையில் சுற்றித் தின்பதற்குரியது. இரண்டையும் எறிய வேண்டாம், ஆனால் இதற்கு ஆகாது.

சரியான கொச்சுஜாங்தான், ஆனாலும் தட்டையாக இருக்கிறதென்றால் அதை அப்படியே போட்டிருப்பீர்கள். இரண்டு மேசைக்கரண்டிக்கு ஒரு மேசைக்கரண்டி கொரிய எள்ளெண்ணெய், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி வினிகர், நசுக்கிய பூண்டு அரைத் தேக்கரண்டி, வறுத்து இடித்த எள் சேர்த்துக் குழையுங்கள். காய்களைத் தனித்தனியே உப்பிட்டீர்களா என்பதையும் பாருங்கள். காய் சப்பென்று இருந்தால் அந்தக் குறையை ஈடுகட்டக் கை சாஸை அள்ளிப் போடும். மற்ற எல்லாம் அதில் முழுகிவிடும்.

கொச்சுஜாங்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழியிருக்கிறது. ஆண்டோங் பகுதியின் ஹொட்ஜேசாபாப் என்ற கலந்த சோறு சோயா சாஸில்தான் கலக்கப்படுகிறது; கொச்சுஜாங்கே கிடையாது. காரம் ஆகாத குழந்தைகளுக்கு நான் அப்படித்தான் செய்து கொடுப்பேன்.

சைவர்களுக்கு ஒரு சொல்: ஜியோன்ஜு பாணியில் சோற்றையே மாட்டிறைச்சிச் சாற்றில் வேகவைப்பதுண்டு, கொச்சுஜாங்கை இறைச்சியோடு வதக்கி வைப்பதும் உண்டு. மேலே இறைச்சி தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது. கடையில் சாப்பிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எள் மணமே வரவில்லை

நல்லெண்ணெய் ஊற்றினீர்களா? நம்மவர்களிடம் நான் அதிகம் கண்ட குறை இதுதான், மனசு கேட்காமல்தான் சொல்கிறேன். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டியது. கொரியச் சாம்கிரும் வறுத்த எள்ளைப் பிழிந்தது. பழுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் மணம். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயை விட்டால் வேறில்லை, ஆனால் இங்கே அது எடுபடாது. வாங்க முடியாவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, சூட்டோடு இடித்து, நல்லெண்ணெயில் போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். முழுமையாக ஈடாகாது என்றாலும் கிட்ட வரும்.

சாம்கிரும்தான் ஊற்றினேன் என்றால், எப்போது ஊற்றினீர்கள்? காய்ந்த வாணலியில் விட்டிருந்தால் மணம் அங்கேயே போயிருக்கும். வதக்க வேறு எண்ணெய், இறக்கியபின் சாம்கிரும். மணத்துக்குப் பதில் சிக்கு வாடை அடிக்கிறதென்றால் பாட்டில் பழசு. பெரில்லா என்ற செடியின் விதையிலிருந்து எடுக்கும் துல்கிரும் எண்ணெய் இன்னும் விரைவில் சிக்கடிக்கும். திறந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஒரு காய் மட்டும் வாடை அடிக்கிறது, கசக்கிறது, நாராக இருக்கிறது

சோயா முளையில் பச்சை வாடை: நடுவில் மூடியைத் திறந்தீர்கள். கொங்நாமுல் என்ற இந்தச் சோயா முளையை மூடி வேகவைத்தால் கடைசிவரை மூடி வையுங்கள். திறந்து வேகவைத்தால் முதலிலிருந்தே திறந்து வையுங்கள். கொதி வந்து ஐந்து நிமிடம் போதும். எட்டிப் பார்க்கத் துடிக்கும் கையை அடக்க வேண்டும், அவ்வளவுதான். பாசிப்பயறு முளைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை; ஒரு நிமிடம் கொதிநீரில் காட்டினால் போதும்.

தொராஜிக் கிழங்கில் கசப்பு: கிழித்த நார்களில் கல்லுப்பைப் போட்டுத் துணி கசக்குவது போலத் தேய்த்து அலசி, அரை மணி நீரில் ஊறவையுங்கள். கொஞ்சம் கசப்பு மிஞ்சத்தான் செய்யும், மிஞ்சவும் வேண்டும்.

கொசாரி என்ற காட்டுப் பெரணித் தண்டு ரப்பர் போல இருக்கிறதென்றால் ஊறியது போதாது. காய்ந்ததை இரவு முழுதும் ஊறவைத்து, புதிய நீரில் அரை மணி வேகவைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டு, பிறகு பல முறை அலசுங்கள். இதில் அவசரம் கூடாது. பச்சைப் பெரணியில் நச்சு உண்டு. ஊறவைப்பதும் வேகவைத்த நீரைக் கொட்டுவதும் மென்மைக்காக மட்டும் செய்வதன்று. மலையில் தானே பறித்துவந்து சமைக்க நினைப்பவர்கள் செடி அறிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை அடுப்பில் ஏற்ற வேண்டாம். கடைகளில் வேகவைத்துப் பையில் அடைத்ததே கிடைக்கிறது.

கல்சட்டியில் அடிச்சோறு முறுகவில்லை

தோல்சோட் என்ற கல்சட்டியில் செய்வதே அந்த நுருங்ஜிக்காகத்தான். பொன்னிறமாக, தகடு போல எழும்ப வேண்டிய அடிச்சோறு அது.

எண்ணெய் தடவ மறந்தீர்களா என்று பாருங்கள். உள்பக்கம் முழுக்க, அடி மட்டுமன்றிப் பக்கங்களிலும், எள்ளெண்ணெய் தடவ வேண்டும். அடுத்து, சோற்றை அள்ளிப் போட்டதோடு விட்டிருப்பீர்கள். கரண்டியின் பின்புறத்தால் லேசாகப் பரப்பிவிட வேண்டும். பிறகுதான் தீ. நடுத்தரத் தீயில் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். முதலில் சத்தமே இராது. பிறகு ஈரம் பொரியும் மெல்லிய ‘உஸ்’. அது மெல்ல மாறிச் சடசடவென்று, தூறல் ஓலைக்கூரையில் விழுவது போலக் கேட்கும். வறுத்த எள் மணத்தோடு சோறு முறுகும் வாடையும் வரும். அந்தச் சடசடப்பு ஒரு நிமிடம் நீடித்ததும் அணைத்துவிடுங்கள். மீதியைக் கல்லின் சூடு பார்த்துக்கொள்ளும். சாஸ் போட்டு மேல்பகுதியை மட்டும் கலந்து சாப்பிட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அடியைச் சுரண்டுங்கள்.

‘உஸ்’ சத்தத்திலேயே நின்று சடசடப்பு வரவே இல்லையென்றால் திரும்பவும் தண்ணீர்தான். மேலே வைத்த காய் நீர் விட்டு அடிக்கு இறங்கியிருக்கிறது. முதல் தலைப்புக்குப் போங்கள்.

முறுகாமல் கரிகிறதென்றால் தீ பெரிது. ஒரு பக்கம் மட்டும் கரிந்தால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கும். ஆறியபின் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யலாம். சுத்தம் செய்தபின்னும் தீ மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி படிந்தால் அடுப்பு மெக்கானிக்கை அழையுங்கள். வாயு வாடை வந்தால் குழாயை மூடி, சன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து அழையுங்கள்.

கல்சட்டி இல்லாதவர்கள் வாங்குமுன் கனத்த இரும்பு வாணலியில் செய்து பாருங்கள். நுருங்ஜி அருமையாக வரும். நம் ஊர் மாக்கல் சட்டி பழக்கியதாக இருந்தால் அதுவும் உதவும். எந்தக் கல்லையும் வெறுமையாகச் சூடாக்காதீர்கள், சூட்டில் குளிர்ந்த நீர் ஊற்றாதீர்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் கல் சூடேறாது.

சட்டியில் கோடு விழுந்திருக்கிறது

உலர்ந்த சட்டியில் நீரை நிரப்பி ஒரு மணி நேரம் காகிதத்தின் மேல் வையுங்கள். காகிதம் நனையவில்லை, விரலால் தட்டினால் கணீரென்கிறது என்றால் மேற்பரப்புக் கீறலாக இருக்கலாம். சிறு தீயில் மட்டும் பயன்படுத்திக் கவனியுங்கள். நனைந்தாலோ, தட்டும்போது பொத்தென்று கேட்டாலோ அதை அடுப்பில் வைக்காதீர்கள். ஒட்டுப் போடும் பசை எதுவும் இதற்குச் சரிவராது. சூடேறிய கல் மேசையில் பிளந்தால் கையும் மடியும் வெந்துவிடும். எனக்கு ஒரு சட்டி அப்படிப் போயிற்று. நல்ல வேளை, அடுப்பிலேயே பிளந்தது. புதிதை வாங்கியதும் உப்பு நீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, எண்ணெய் தடவி வையுங்கள். சோப்பு போடாமல் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பதே நல்லது. கல் சோப்பை உறிஞ்சும்.

முட்டையின் வெள்ளைக்கரு வழவழப்பாக நிற்கிறது

மூடி போட்டு ஒரு நிமிடம் கூடுதலாக வையுங்கள். மஞ்சள்கரு இளகியிருந்தால் சோற்றுக்கு நல்ல பூச்சு. ஆனால் கர்ப்பிணிகள், சிறுவர்கள், முதியவர்களுக்கு முழுவதும் வெந்ததையே வையுங்கள். பச்சை மஞ்சள்கரு வைக்கும் ஜியோன்ஜு வழக்கத்தை வெப்ப ஊரில், எங்கிருந்தோ வந்த முட்டையில் செய்து பார்க்க வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு உடம்பு ஏதோ செய்கிறது

மீந்த சோற்றையும் நாமுல்களையும் (பக்குவம் செய்த காய், கீரை, முளைகளையும்) இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். காய்களைத் தனித்தனி டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். முளைகள் பிசுபிசுத்தால் முகர்ந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை, கொட்டிவிடுங்கள். வெளியே கிடந்த சோற்றைத் திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது தவறு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஒரு நாளில் நிற்காவிட்டாலும், காய்ச்சலோ இரத்தமோ தென்பட்டாலும் மருத்துவரிடம் போங்கள். குழந்தை என்றால் அவ்வளவு நேரமும் காத்திருக்காதீர்கள்.

கொச்சுஜாங்கில் சோயா உண்டு, பல டப்பாக்களில் கோதுமையும் உண்டு. எள்ளும் முட்டையும் கிண்ணத்திலேயே இருக்கின்றன. விருந்தாளிக்கு இவற்றில் எதுவும் ஒவ்வாதா என்று பரிமாறுமுன் கேளுங்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கினாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சு இழுத்தாலோ வீட்டு மருந்து எதையும் தேடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்: கொரியாவில் 119, தமிழ்நாட்டில் 108.